விலையின்றி வாய்ப்பவை: மொரீசியசுத் தீவும் அதன் விருந்தினரும்



வெப்பமண்டலத் தீவுகளுக்குச் செல்லும் பயணியர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு புறப்படுகின்றனர். எதைக் காண்பது என்பது ஒன்று. அதற்கு எவ்வளவு செலவாகும் என்பது மற்றொன்று. மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. அதைக் கேட்போர் மிகச் சிலரே. ஒரு தீவில் கட்டணமின்றிக் கிடைப்பது எதனால் கட்டணமின்றிக் கிடைக்கிறது என்பதே அது. இக்கேள்விக்கு விடை தேட ஏற்ற இடம் மொரீசியசு.

இந்தியப் பெருங்கடலில், மடகாசுகருக்குக் கிழக்கே அமைந்த இத்தீவின் பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர். எரிமலைக் குழம்பில் பிறந்த நிலம். பவளப்பாறை பெரும்பகுதியும் சூழ்ந்த கரை. 1598இல் டச்சுக்காரரும், 1715இல் பிரெஞ்சுக்காரரும், 1810இல் ஆங்கிலேயரும் இத்தீவைக் கைக்கொண்டனர். 1968 மார்ச் 12இல் நாடு விடுதலை பெற்றது. 1730களில் ஆளுநர் லபூர்தொனே காலத்திலேயே புதுச்சேரிப் பகுதியிலிருந்து தமிழ்க் கைவினைஞர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். இன்றும் அந்நாட்டுப் பணத்தாளில் தமிழ் எழுத்து இடம்பெறுகிறது. வீட்டு மொழியாகத் தமிழைப் பேசுவோர் அருகிவிட்ட நாட்டில் அவ்வெழுத்து நிலைத்திருப்பது சிந்திக்கத் தக்கது.

தீவின் முதற் கொடை கடற்கரை. பவளப்பாறைத் தொடர் அலையின் வேகத்தைத் தடுப்பதால், அதற்கும் கரைக்கும் இடையே காயல் போல நீர் அடங்கிக் கிடக்கிறது. வடக்கே மோன் சுவாசி, மேற்கே பிளிக் ஆன் பிளாக், கிழக்கே பெல் மார் என நீண்ட பொதுக் கடற்கரைகள் பல உள்ளன. இவற்றில் நுழைவுக் கட்டணம் இல்லை. எவரும் நடக்கலாம், நீந்தலாம், மரநிழலில் உறங்கலாம்.

இவ்வுரிமை இயற்கை மட்டும் தந்ததன்று, சட்டமும் தந்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கடலோரமாக ஐம்பது 'வடிவியல் காலடி' அகலமுள்ள நிலப்பட்டை அரசுக்கென ஒதுக்கப்பட்டது. தீவின் பாதுகாப்பை முன்னிட்டு எழுந்த ஏற்பாடு அது. ஆங்கிலேயர் காலத்தில் 1895ஆம் ஆண்டுச் சட்டம் அதனை உறுதி செய்தது. உயர் ஓத வரம்பிலிருந்து அளந்தால் அப்பட்டையின் அகலம் 81 மீட்டர் 21 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது. தமிழ்நாட்டு நில ஆவணங்களில் புறம்போக்கு என்றொரு சொல் உண்டு. தனியார் பட்டாவுக்கு உட்படாமல் பொதுவில் நிற்கும் நிலத்தை அது குறிக்கும். பேச்சு வழக்கில் அச்சொல் வசையாகத் தேய்ந்துவிட்டது. ஆனால் ஒரு நாட்டின் மிக உயர்ந்த செல்வம் புறம்போக்காகவே இருக்கக்கூடும் என்பதற்கு மொரீசியசின் கடலோரம் சான்று.

இந்நிலப்பட்டையை அரசு விற்க முடியாது, குத்தகைக்கு விடலாம். அவ்வாறே விடுதிகளும் மாளிகைகளும் அங்கு எழுந்துள்ளன. எனினும் உயர் ஓத வரம்புக்குக் கீழுள்ள மணல் பொதுவே. குத்தகை பெற்றவர் மரநிழலைத் தமதாக்கிக்கொள்ளலாம். ஈர மணலைத் தமதாக்கிக்கொள்ள இயலாது. விடுதியொன்றின் முன்னே நடக்கும் பயணி கடலை ஒட்டி நடந்தால் அவரைத் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை.

கடற்கரையை அறிய விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமையில் செல்லவேண்டும். பொதுக் கடற்கரைகளில் வரிசையாக நிற்பவை தமிழர் நன்கறிந்த சவுக்கு மரங்கள். அவற்றின் கீழே பாட்டி முதல் பேரன் வரை குடும்பம் முழுவதும் பாயும் சோற்றுப் பானையுமாக வந்து அமரும். மாலையில் சில இடங்களில் சேகாப் பாட்டு எழும். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாசுகரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர் உருவாக்கிய இசை அது. அதன் உயிர் ராவான் என்னும் ஆட்டுத்தோல் கருவி. அதைத் தீயில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றிய பின்னரே வாசிப்பர். பறையைத் தீயில் காய்ச்சும் வழக்கம் அறிந்த தமிழர்க்கு இக்காட்சி அயலாகத் தோன்றாது. மரபுச் சேகாவை யுனெசுகோ 2014இல் மானுடப் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது. விடுதி மேடையில் அரங்கேறும் சேகாவைவிட, சவுக்குத் தோப்பின் சேகா கலப்பற்றது. அதற்குச் சீட்டும் வேண்டுவதில்லை.

தென்கரையின் தன்மை வேறு. சூயாக் ஊரையடுத்த கிரி கிரியில் பவளப்பாறைத் தொடர் அறுபடுகிறது. எனவே பெருங்கடல் நேராக வந்து கரும்பாறையில் மோதுகிறது. அவ்விடம் கண்டு களிப்பதற்கே உரியது, குளிப்பதற்கன்று. அருகே 'அழும் பாறை' என ஒன்று உண்டு. அலை மோதி வழியும் நீர் கண்ணீர் போல் தோன்றுவதால் வந்த பெயர். கவிஞர் இராபர்ட் எட்வர்ட் ஆர்ட் (1891-1954) தம் இறுதிக் காலத்தைக் கழித்த பவளக்கல் வீடும் இவ்வூரில்தான் உள்ளது. கவிஞர் ஒருவரின் வீட்டை ஒரு சிறு நாடு நினைவில்லமாகப் பேணுவது இலக்கிய வட்டத்தார் மகிழத்தக்க செய்தி.

இனிக் காடு. பிளாக் ரிவர் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா 1994இல் அறிவிக்கப்பட்டது. 6,500 எக்டேருக்கு மேற்பட்ட இக்காட்டில் நடைபாதைகள் பல. தீவின் உயர்ந்த சிகரமாகிய 828 மீட்டர் முகட்டுக்கும் இதன் வழியே ஏறலாம். இங்கு வாழும் மொரீசியசு வல்லூறு 1974இல் காட்டில் நான்கே பறவைகளாகக் குறைந்திருந்தது. அறிஞர் சிலர் முட்டைகளை எடுத்துப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளைப் பேணிக் காட்டில் விட்டு அவ்வினத்தை மீட்டனர். டோடோவை இழந்த தீவு தன் வல்லூற்றை இழக்கவில்லை. ஆண்டின் நடுப்பகுதியில் இக்காட்டில் செந்நிறச் சிறு கொய்யாக்கள் பழுக்கும். தீவினர் பையோடு சென்று பறித்து உண்பர், பயணியும் பறிக்கலாம். இன்பமான பொழுதுபோக்கு. ஆனால் அக்கொய்யா வெளிநாட்டிலிருந்து வந்து உள்ளூர் மரங்களை நெருக்கி அழித்துவரும் செடி என்பதும் அறியத்தக்கது.

தீவில் எல்லாமே கட்டணமின்றிக் கிடைக்கும் என்று கருதுதல் பிழை. சமரெலின் ஏழுநிற மண்மேட்டையும், பாம்பிள்மூசுத் தோட்டத்தின் பேரிலை அல்லியையும் காண அயல்நாட்டார் கட்டணம் செலுத்த வேண்டும். ஆயினும் தீவின் வரலாற்றை அறிவதற்குப் பணம் தடையாக இல்லை. மூன்று இடங்கள் இதற்குப் போதும்.

முதலாவது, தென்மேற்கு முனையில் 556 மீட்டர் உயர்ந்து நிற்கும் லெ மோர்ன் மலை. தப்பியோடிய அடிமைகள் இதன் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தனர். 1835 பிப்ரவரி முதல் நாள் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அச்செய்தியைச் சொல்ல வந்த காவலரைத் தம்மைப் பிடிக்க வந்தவராக எண்ணிப் பலர் உச்சியிலிருந்து குதித்து மாண்டனர் என்பது வாய்மொழி மரபு. 2008இல் இம்மலை உலக மரபுச் சின்னமாயிற்று.

இரண்டாவது, தலைநகர் போர்ட் லூயியின் துறைமுகத்தில் உள்ள ஆப்பிரவாசி காட். 1834 தொடங்கி 1920 வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக இத்தீவுக்கு வந்தனர். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் அவருள் அடங்குவர். அவர்கள் ஏறிய கற்படிகள் இன்றும் உள்ளன. 2006இல் இவ்விடமும் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சில நிமிடங்களில் பார்த்து முடிக்கத்தக்க சிறிய இடம். ஆனால் படியருகே நின்று, கடல் கடந்து வந்தோர் இறங்கிய முதல் நாளை எண்ணிப் பார்ப்பவர்க்கு நேரம் போவது தெரியாது.

மூன்றாவது, மலைமேல் எரிமலை வாயில் நிறைந்த கங்கா தலாவ் ஏரி. மகா சிவராத்திரிக்கு மக்கள் இலட்சக்கணக்கில் நடந்தே செல்வர். வழிநெடுகப் பந்தலிட்டு நீரும் உணவும் வழங்குவர். சமயமும் நாடும் அங்கே கேட்கப்படுவதில்லை. தைப்பூசக் காவடி நாளும் அந்நாட்டில் பொது விடுமுறை. இவற்றைக் காணச் செல்வோர் இவை வழிபாடு என்பதை மறவாது, ஓரமாக நின்று காணுதல் பண்பு.

இவ்விடங்களை ஒருசேர எண்ணினால் முதலில் எழுப்பிய கேள்விக்கு விடை தெரியும். கட்டணமில்லாத ஒவ்வொன்றிற்கும் பின்னே எவரோ கொடுத்த விலை உண்டு. சேகாவுக்கு அடிமைகளும், துறைமுகப் படிகளுக்குக் கூலிகளும், வல்லூற்றுக்கு அறிஞரின் உழைப்பும் விலையாயின. கடற்கரைக்கு உரிய விலை இன்னும் கொடுக்கப்பட்டு வருகிறது.

2020 சூலை 25இல் வகாசியோ என்னும் கப்பல் தென்கிழக்குப் பவளப்பாறையில் தட்டி நின்றது. ஆகத்து 6 முதல் ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கலந்தது. அப்போது ஆயிரக்கணக்கான மக்கள் கூலி கருதாமல் கரைக்கு வந்தனர். கரும்புச் சோகையைத் துணியில் அடைத்துத் தைத்து நீண்ட மிதவைகளாக்கி எண்ணெயைத் தடுத்தனர். தம் தலைமுடியை வெட்டிக் கொடுத்தோரும் உண்டு. விருந்தினர் நீந்தும் நீரைத் தீவினர் இவ்வாறு காத்தனர்.

ஆபத்து கடல்வழி மட்டும் வருவதன்று. தென்கரையில் பொம்போனெத் என்னும் பொதுக் கடற்கரையை விடுதிக்கென ஒதுக்கியபோது, 2010களின் பிற்பகுதியில் மக்கள் திரண்டு எதிர்த்தனர். எதிர்த்த இயக்கத்தின் கிரியோல் பெயருக்கு 'எங்கள் கடற்கரையைத் திருடுவதை நிறுத்து' என்பது பொருள். மணல் சட்டப்படி பொதுவாகவே இருக்கலாம். அதை அடையும் வழியும் அமரும் நிழலும் ஒவ்வொன்றாக அடைபட்டால் சட்டம் ஏட்டில் மட்டுமே எஞ்சும். சவுக்குத் தோப்பில் பாய் விரிக்கும் குடும்பத்திற்குச் செல்வதற்கு வேறு தீவு இல்லை.

ஆகவே விருந்தினர்க்கும் சில கடமைகள் உண்டு. பவளத்தை மிதித்தலும் சிப்பி, சங்கு, பவளத் துண்டுகளை எடுத்துவருதலும் கூடா. எடுப்பது சட்டப்படியும் குற்றம். கொண்டுசென்ற குப்பையைக் கொண்டே திரும்ப வேண்டும். விடுதி வேலிக்குள் மட்டும் நாளைக் கழிக்காமல், பொதுக் கடற்கரைக்குச் சென்று தீவினரோடு அமர வேண்டும். கரையோரச் சிறு கடையில் பருப்பு வடை வாங்கி உண்ண வேண்டும். மக்கள் நிறைந்த கடற்கரையை எவரும் எளிதில் வேலியிட இயலாது. தீவுக்கு விருந்தினர் செய்யக்கூடிய நற்பணிகளுள் அங்குச் சென்று அமர்தலும் ஒன்றாகும்.