நெஞ்சை வைத்த சொல்



சம்பள நாளன்று கைப்பேசியில் 'கிரெடிட்' என்றொரு குறுஞ்செய்தி வருகிறது. 1960களின் முற்பகுதி வரை தமிழ்நாட்டுக் கத்தோலிக்க ஆலயங்களில், ஞாயிறு பூசையின் விசுவாசப் பிரமாணம் இலத்தீனில் 'கிரேதோ' என்று தொடங்கியது. வங்கியிலும் பலிபீடத்திலும் ஒலிப்பது ஒரே வினைச்சொல்தான். கிரேதோ என்றால் 'நம்புகிறேன்'. அதிலிருந்து பிறந்த 'கிரேதிதும்', நம்பி ஒருவரிடம் கொடுத்து வைத்தது, அதாவது கடன். பேரரசர் ஜஸ்டினியன் கி.பி. 533இல் வெளியிட்ட சட்டத் திரட்டில் கடனைப் பற்றிய பகுதிக்குத் தலைப்பே 'நம்பிக் கொடுத்த பொருள்கள்' என்பதுதான்.

இந்தச் சொல்லுக்கு நம் வீட்டிலும் ஓர் உறவு உண்டு. 'நெஞ்சு', 'வை' என்ற பொருளுடைய இரண்டு பழஞ்சொற்கள் சேர்ந்த கூட்டே கிரேதோவின் மூலம் என்பது மொழியியலாளர் பெரும்பாலோரின் முடிவு. அதே கூட்டு வடமொழியில் 'ச்ரத்தா' ஆகி, தமிழுக்குச் 'சிரத்தை'யாக வந்தது. "சிரத்தையாப் படிடா" என்று அம்மா சொல்லும்போது, நெஞ்சை அதில் வை என்றே சொல்கிறாள். வேர்ச்சொல் ஆராய்ச்சியில் எனக்கு மிகப் பெரிய மகிழ்ச்சி தந்த கண்டுபிடிப்பு இது.

இலத்தீனின் இன்னொரு சொல் 'ஃபிதெஸ்'. நம்புகிறவனின் மனத்தைவிட, நம்பப்படுகிறவனின் நேர்மையையே அது முதலில் குறித்தது. சொன்ன சொல் காப்பது, நாணயம் என்று நாம் சொல்வதற்கு நெருக்கமானது. உரோமர் அதைத் தெய்வமாக்கி, கேப்பிட்டோல் குன்றில் கோயில் கட்டினார்கள். அவள் பூசாரிகள் இரட்டைக் குதிரை பூட்டிய கூண்டு வண்டியில் வந்து, கையை விரல்நுனி வரை துணியால் சுற்றிக்கொண்டு சடங்கு செய்வார்களாம். வாக்குக் கொடுக்கும் வலக்கை அவள் உறையும் இடம், அதில் மாசு படக்கூடாது என்பது நம்பிக்கை. ஆங்கிலத்தின் 'ஃபெயித்', 'கான்ஃபிடன்ஸ்', நீதிமன்றத்து 'அஃபிடவிட்' எல்லாம் இதன் வழிவந்தவையே.

சொல்லின் வேரைத் தேடுவது அருமையான கலை. ஆனால் அது வழுக்கவும் செய்யும். ஃபிதெஸ் என்பது 'சொன்னது நடக்கட்டும்' என்பதிலிருந்து வந்தது என்று உரோமப் பேச்சாளர் சிசரோவே எழுதினார். அழகான விளக்கம்தான், ஆனால் தவறு. சரியான வேர் கிடைத்தாலும்கூட, அதை மட்டும் வைத்துப் பொருளை முடிவு செய்ய முடியாது.

அதற்கு ஓர் உதாரணம். கி.மு. 191இல் உரோமரிடம் தோற்றுப்போன ஏட்டோலியர் என்ற கிரேக்கர்கள், தங்களை உரோமின் ஃபிதெஸிடம் ஒப்படைப்பதாகத் தூது வந்தார்கள். கிரேக்கத்தில் அதற்குச் சொல் 'பிஸ்டிஸ்'. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. பிஸ்டிஸ் என்றால் இரக்கம் கிடைக்கும் என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். உரோமத் தளபதி கிளாப்ரியோவுக்கோ அது நிபந்தனையற்ற சரண். இன்னின்னாரைப் பிடித்துக்கொடு என்று கட்டளைகளை அடுக்கினார். "இது நியாயமல்ல, கிரேக்க வழக்கமும் அல்ல" என்று தூதர் ஃபைனியாஸ் மறுக்க, கிளாப்ரியோ விலங்கும் கழுத்துக்கு இரும்பு வளையமும் கொண்டுவரச் சொன்னார். தூதர்கள் வாயடைத்து நின்றார்கள்.

நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த விலங்கு நினைவுக்கு வருகிறது. வலியவன் வாயில் ஃபிதெஸ் என்ற சொல் எப்படி மாறியது என்பதை எந்த அகராதியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. இதை எழுதிவைத்தவர் பொலிபியஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர். அவருடைய நூலின் 20ஆம் பகுதி இன்று துண்டுதுண்டாகவே கிடைக்கிறது. அந்தச் சிதைவிலும் இந்தக் காட்சி பிழைத்திருக்கிறது. கைக்குக் கிடைத்தால், நேயர்களே, அவசியம் படித்துப் பாருங்கள்.