பிழை நாணயமா, அடிபட்ட நாணயமா?

(பாபநாசம் குறுவள மையக் கூட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கொஞ்ச காலமாகவே நம் வகுப்புகளுக்கு நாணயங்கள் வந்துகொண்டிருக்கின்றன. "சார், இந்த ரூபாயில எழுத்து அழிஞ்சிருக்கு, ரெண்டு லட்சம் கிடைக்குமாம்" என்கிறான் ஏழாம் வகுப்புப் பையன். செல்பேசியில் பார்த்தது. வீட்டிலும் பார்த்திருப்பார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. "உங்கள் நாணயத்தை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், முதலில் கமிஷனும் வரியும் கட்டுங்கள்" என்று நடவுக் கூலியாகச் சேர்த்த பணத்தைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தன் பெயரையே பயன்படுத்துவதைக் கண்டு, 2021 ஆகஸ்ட் மாதம் ரிசர்வ் வங்கி எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தான் ஈடுபடுவதில்லை, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று அதில் தெளிவாகச் சொன்னது. "ஏமாறாதே" என்று நாம் சொன்னால் மட்டும் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள். நாணயத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் கேட்பார்கள்.

நாணயம் எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். எழுத்தில்லாத ஓர் உலோக வில்லை. மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, சுற்றிலும் ஓர் உருக்கு வளையம். அழுத்தம் விழும்போது உலோகம் அச்சின் பள்ளங்களுக்குள் ஏறுகிறது. அச்சில் பள்ளமாக இருப்பது நாணயத்தில் மேடு.

பாதி விடை இதிலேயே இருக்கிறது. அச்சில் விரிசல் விட்டால், அந்த விரிசல் நாணயத்தில் மேடான கோடாக வரும். நாணயத்தில் ஆணியால் கீறினால் பள்ளம் வரும், ஓரத்தில் உலோகம் ஒதுங்கி நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவச் சொல்லுங்கள். மேடா, பள்ளமா? விதிவிலக்கு உண்டு. அச்சடிக்கும்போது நடுவில் நூலோ கம்பித்துண்டோ சிக்கினால் அதுவும் பள்ளமாகத்தான் பதியும். ஆனால் கீறலில் இருப்பதுபோல் ஒதுங்கிய உலோகம் அங்கே இருக்காது.

எழுத்து அழிந்த அந்த ரூபாய்க்கு வருவோம். அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொண்டால் எழுத்து வராது. அப்போதும் சுற்றியுள்ள பரப்பு இயல்பாகவே இருக்கும். அரத்தால் தேய்த்திருந்தால் அங்கே இணைகோடுகள் தெரியும், எடையும் குறையும். 2011 வரிசை ஒரு ரூபாயின் எடை 3.79 கிராம். ஆய்வகத் தராசு போதும்.

விளிம்பில் பிறைபோல வெட்டுப்பட்ட நாணயம் வந்தால் வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். வில்லை வெட்டும்போதே குறைபட்டிருந்தால் அந்த எதிர் விளிம்பும் பெரும்பாலும் மங்கலாக இருக்கும். பிறகு கத்தரித்ததென்றால் எதிர் விளிம்பு முழுமையாக இருக்கும். வளையத்துக்கு வெளியே அச்சான நாணயம் அகன்றிருக்கும், எழுத்துகளோ தம் அளவிலேயே நிற்கும். சுத்தியலடி பட்டதிலும், தண்டவாளத்தில் வைத்ததிலும் எழுத்துகளே நசுங்கிப் பரவிவிடும். (நம் ஊர் ரயில் நிலையத்தின் பக்கம் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள். நாணயத்துக்காக இல்லாவிட்டாலும் உயிருக்காகக் கண்டியுங்கள்.)

கண்ணாடி பிம்பமாகப் பள்ளத்தில் பதிந்த நாணயத்தைத்தான் அதிக விலைக்குச் சொல்வார்கள். முன்பு அடித்த நாணயம் அச்சில் ஒட்டிக்கொண்டால் அடுத்த வில்லையில் இது உண்மையாகவே நேரும். அப்போது மறுபக்கம் கூர்மையாக இருக்கும். இரண்டு நாணயங்களைப் பட்டறைப் பிடிப்பானில் வைத்து நெரித்தாலும் இதே பிம்பம் விழும். ஆனால் அடியில் பழைய உருவம் நசுங்கிக் கிடக்கும், மறுபக்கமும் தட்டையாகியிருக்கும். நடுவட்டு இல்லாத பத்து ரூபாய் பெரும்பாலும் தட்டி எடுத்ததுதான். நடுவட்டு இல்லாமலே அச்சாகியிருந்தால் வளையத்தின் உலோகம் உள்நோக்கி நகர்ந்து துளை சுருங்கியிருக்கும்.

எந்தச் சுத்தியலாலும் செய்ய முடியாத பிழை ஒன்று உண்டு. நாணயத்தை நேராகப் பிடித்துப் புத்தகப் பக்கம்போலத் திருப்புங்கள். நம் குடியரசு நாணயங்களில் மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால், அது அச்சு திரும்பிய பிழை. எனக்குப் பிடித்த சோதனை இதுதான். கருவியே வேண்டாம்.

ஆண்டுக்குக் கீழே உள்ள குறி பிழையல்ல. நட்சத்திரம் ஐதராபாத், வைர வடிவம் மும்பை, புள்ளி நொய்டா, குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. பத்து ரூபாயில் உருவங்கள் மாறியிருப்பதும் பிழையல்ல. 14 வடிவங்கள் புழங்குவதாகவும் எல்லாமே செல்லும் என்றும் 2018இல் ரிசர்வ் வங்கி சொன்னது. ஆனாலும் வாங்க மறுக்கும் கடைகள் இருந்தன.

சோழர் செப்புக்காசு கொண்டுவரும் பிள்ளையும் நம் பகுதியில் உண்டு. அவை கையால் அடித்தவை. உருவம் ஓரத்துக்கு ஒதுங்கியிருப்பது அங்கே சாதாரணம், அதைப் பிழை என்று விலை பேச முடியாது. புளி போட்டுத் தேய்க்க மட்டும் விடாதீர்கள். அது நாமே செய்யும் சேதம். உழும்போது குவியலாகக் கிடைத்ததென்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மேசையில் பன்னிரண்டு நாணயங்கள், இரண்டு பூதக்கண்ணாடிகள் வைத்திருக்கிறேன். எவை நாணயச்சாலையில் பிழைத்தவை, எவை வெளியே அடிபட்டவை என்று தேநீர் வருவதற்குள் பிரித்து வையுங்கள். விடையை அதற்குப் பிறகுதான் சொல்வேன்.