வக்கீல் வைத்தாகிவிட்டதா?



சாலைக்கு நிலம் எடுக்கிறார்கள் என்று நோட்டீஸ் வந்ததும், நாலு பேர் சேர்ந்து டவுனுக்குப் போய் வக்காலத்துத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். "வக்கீல் வச்சாச்சு, இனி அவர் பாத்துக்குவார்" என்று வயலுக்குத் திரும்பிவிடுகிறோம். அந்தத் தாள் என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

'என் சார்பில் இவர் பேசுவார்' என்று எழுதிக் கொடுப்பதுதான் வக்காலத்து. கோர்ட்டில் மட்டுமல்ல, கலெக்டர் நடத்தும் நில எடுப்பு விசாரணையிலும் இதற்கு வேலை உண்டு. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி, முதல் அறிவிக்கை வெளியான 60 நாளுக்குள் ஆட்சேபணையை எழுதிக் கொடுக்கலாம். விசாரணைக்கு நீங்களே போகலாம், அதிகாரம் கொடுத்து வேறொருவரை அனுப்பலாம், வக்கீலையும் அனுப்பலாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் 21 நாள்தான். ஆகவே எந்தச் சட்டம் என்று நோட்டீஸிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிதான் கவனம் வேண்டும். 2013 சட்டத்தில் 64-ஆவது பிரிவு. இழப்பீடு போதாது என்றால் கலெக்டரிடம் மனுக் கொடுத்து, அதை ஆணையத்துக்கு அனுப்பச் சொல்லலாம். அவார்டு போட்ட அன்று நீங்களோ உங்கள் சார்பில் ஒருவரோ அங்கே இருந்தால், அன்றிலிருந்து 6 வாரம்தான் கெடு. யாரும் இல்லாவிட்டால், நோட்டீஸ் கைக்கு வந்து 6 வாரம், அல்லது அவார்டு தேதியிலிருந்து 6 மாதம், எது முந்துகிறதோ அது. பார்த்தீர்களா? வக்கீல் நின்றால் நீங்கள் நின்ற கணக்கு. நீங்கள் நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அங்கே கெடு ஓட ஆரம்பித்துவிடும். தக்க காரணம் இருந்தால் மேலும் ஓராண்டுக்குள் மனுவை ஏற்கக் கலெக்டருக்கு அதிகாரம் உண்டுதான். 'வக்கீல் சொல்லலீங்க' என்பது தக்க காரணமாகுமா என்பது அவர் முடிவு. அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். அவார்டு எப்போது என்று வாராவாரம் வக்கீலைக் கேளுங்கள், கோபித்துக்கொண்டாலும் சரி.

நிரப்பாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சர்வே நம்பர், கோப்பு எண், பட்டாவில் உள்ளபடி பெயர் எல்லாம் எழுதிய பிறகு போடுங்கள். கூட்டுப் பட்டாவில் அண்ணன் போட்ட கையெழுத்து தம்பிக்கு ஆகாது, அவரவர் போடவேண்டும். ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். வக்கீலை மாற்றினால் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இல்லாவிட்டால் கடிதமெல்லாம் பழையவருக்கே போகும்.

மரத்தையும் பயிரையும் மதிப்பிட, விவசாயம் தெரிந்தவர்களைக் கலெக்டர் அழைத்துக்கொள்ளலாம். அவர்கள் தோப்புக்கு வரும் நாளில் வக்கீலை எதிர்பார்க்காதீர்கள். காய்க்கிற தென்னை எத்தனை, கன்று எத்தனை என்று கூடவே நடந்து எண்ணிக் காட்டவேண்டியது நீங்கள்தான்.