கூடைப்பந்தாட்டமும் முழங்காலும்

(சங்க விளையாட்டுப் பிரிவினருக்கு ஆற்றிய உரை)



1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரிலே, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டிக் கூடைப்பந்தாட்டத்தைத் தொடக்கிவைத்தார். முரட்டு மோதல் இல்லாத ஆட்டமொன்று வேண்டுமென்பதே அவர் கருத்து. மோதல் குறைந்தது உண்மை. ஆயின் கூடை 10 அடி உயரத்தில் இருப்பதால் குதிப்பு வந்து சேர்ந்தது. குதித்தவர் இறங்கத்தானே வேண்டும்? நாம் பேச வந்தது அந்த இறக்கத்தைப் பற்றியே.

முழங்கால் கதவுக் கீல் போன்றது. முன்பின்னாக மடங்க அதற்கு இஷ்டம். பக்கவாட்டில் சாய இஷ்டமில்லை. அதனுள்ளே நார்கள் இரண்டு, ஒன்றையொன்று குறுக்கறுத்து நின்று, மேலெலும்பையும் கீழெலும்பையும் பிணைக்கின்றன. கீழெலும்பு முன்னே வழுக்காமற் காப்பது முன்னார். பாதம் ஊன்றியிருக்க முழங்கால் உட்புறமாகச் சரிந்து முறுகுமாயின், அந்த நார் அறுந்துபோகலாம். பிறர் இடித்தால்தான் அறும் என்று எண்ணுவோர் பலர். அப்படியன்று. பெரும்பாலும் எவரும் முழங்காலில் இடியாமலே அறுகின்றது.

டெரிக் றோஸ் என்பவரை நம்மிற் பலர் அறிவோம். 2011-இல், 22 வயதிலே, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றவர். 2012 ஏப்ரல் 28-ஆந் திகதி, அவருடைய சிக்காகோ அணி 12 புள்ளிகள் முன்னே நின்றது. ஆட்டம் முடிய ஒன்றரை நிமிஷமும் இல்லை. அவ்வேளை எழும்பியவருக்கு இடது முழங்கால் நார் அறுந்தது. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை.

கூடைப்பந்தாட்டத்தில் நேர்ந்த இத்தகைய 39 விபத்துகளின் படங்களை ஆராய்ந்து 2007-இல் அறிஞர் ஒரு கணக்குச் சொன்னார்கள்: பாதம் தரையைத் தொட்டபின் ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்குக்குள்ளேயே காரியம் முடிந்துவிடுகிறதாம். நினைத்துத் திருத்த அவகாசமேது? பழக்கந்தான் காக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து இரண்டு மூன்று மடங்கு அதிகம். 2005-இல் 205 வீராங்கனைகளைக் குதிக்கச்செய்து அளந்தார்கள். பின்னர் நார் அறுந்த 9 பேருக்கும் முழங்கால் மற்றையோரிலும் ஏறக்குறைய 8 பாகை கூடுதலாக உட்சாய்ந்திருந்தது. இதைக் கேட்டதும், முழங்கால் சாயும் பிள்ளையை அணியிலிருந்து விலக்கினால் என்ன என்று சிலர் கேட்கின்றனர். நாம் அதற்கு உடன்படோம். 2016-இல் வெளிவந்த நோர்வே ஆராய்ச்சியொன்றில், நூற்றுக்கணக்கான பிற ஆட்ட வீராங்கனைகளை அதே விதமாகச் சோதித்தும், யாருக்கு அறுமென்று முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை. விலக்குவது அநியாயம், எல்லோரையும் பழக்குவதே முறை.

பழக்கம் பெரிதல்ல. இடுப்பும் முழங்காலும் மடங்க, முழங்கால் பாதத்திற்கு நேரே நிற்க, ஓசையின்றி இறங்குதல். ஒற்றைக் காலில் நின்று மெல்லக் குந்தி எழுதல். இடுப்புத் தசைகளுக்கு வலுவூட்டல். கிழமையில் இரண்டு மூன்று நாள், கால் மணி நேரம் போதும். இப்படிப் பழகிய வீராங்கனைகளிடையே நார் அறுதல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துள்ளது. ஒருவர் குதிக்க, மற்றவர் முன்னே நின்று அவர் முழங்காலைப் பார்க்கட்டும். கருவி எதுவும் வேண்டாம்.

இன்னொன்று. ‘டக்’கென்ற ஓசையுடன் ஒருவர் விழுந்து, சில மணி நேரத்துள் முழங்கால் வீங்கினால், எண்ணெய் தடவிக் கட்டி மறுவாரம் ஆடவிடுகிறோம். வீக்கம் வற்றி நடப்பது சுகமானதற்கு அடையாளமன்று. அறுந்த நாரோடு ஆடினால் முழங்கால் நழுவும்; நழுவுந்தோறும் உள்ளிருக்கும் குருத்தெலும்பு கிழியும். அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.