ஆவலும் அந்தரமும்

வரவிருப்பதை மனம் முன்னோக்கி நிற்கும் நிலையைக் குறிக்கத் தமிழிலே ஆவல், விதும்பல், ஏக்கம் எனச் சொற்கள் பல உள. இவை ஒருபொருட் சொற்கள் போலத் தோன்றினும், ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தல் எப்போதும் பொருந்தாது.

திருக்குறளின் 127ஆம் அதிகாரம் ‘அவர்வயின் விதும்பல்’ என்னும் பெயருடையது. பிரிந்த இருவர் வேட்கை மிகுதியால் ஒருவரையொருவர் காண விரைதல் என்று பரிமேலழகர் அதனை விளக்குவர். அங்கே தலைவி வழிபார்த்துக் கண்ணொளி குன்றுகிறாள். அவன் சென்ற நாட்களைத் தொட்டெண்ணி விரல் தேய்கிறாள். உடல் ஓரிடத்தில் இருக்க உள்ளம் எதிர்கொண்டு ஓடுவதே விதும்பல். அச்சொல் இன்று பேச்சிலே இல்லை. அதன் பொருளைப் பெரும்பாலும் ஆவல் என்னுஞ் சொல்லே சுமக்கின்றது.

ஆவலுக்குள்ளே வருவார் என்னும் நம்பிக்கை உண்டு. அந்நம்பிக்கையோடு அச்சமுங் கலந்தால் யாழ்ப்பாணத்தார் அதனை அந்தரம் என்பர். நூல்வழக்கிலே இடைவெளியையும் வானத்தையும் குறிக்கும் இச்சொல், அவர்கள் பேச்சிலே பதைப்பையும் அவசரத்தையும் குறிக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மலாயாவின் புகையிரத சேவைக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் குடாநாட்டு இளைஞர் பலர் சென்றனர். அத்தகைய மகனின் கடிதம் பிந்தினால் தாய் அந்தரப்படுவாள். “அந்தரப்படாதை பிள்ளை, வரும்” என்று அயலார் தேற்றுவர். நம்பிக்கைக்கும் அச்சத்துக்கும் இடையிலே தொங்கும் மனத்துக்கு இடைவெளியின் பெயரே வாய்த்தது பொருத்தமானதே.

1990இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014 ஒக்ரோபர் 13ஆந் திகதி மீண்டும் வந்தது. அதனைக் காணத் திரண்டோரிடம் இருந்தது ஆவல். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்கோ அச்சொல் பொருந்தாது. போர் 2009இல் முடிந்தது. 2017இலே வடக்கின் வீதியோரங்களில் அமர்ந்து அவர்கள் பதில் கேட்கத் தொடங்கினர். ஏக்கம் என்றாலும் நிறைவாகாது. ஏக்கம் இழந்ததை நினைந்து வாடும். அவர்களோ பிள்ளைகளை இழந்தோம் என்று ஒப்பவில்லை. வருவர் என்று உறுதிகொள்ளவும் இயலவில்லை. அவர்களுக்கு உரிய சொல் அந்தரமே.

ஆகவே, சொற்களை இனம் பிரித்து வழங்குதல் புலவருக்கு மட்டும் உரிய வேலையன்று. காத்திருப்பவர் ஒருவரது நிலைக்குப் பெயரிடுமுன், அவர் எதனை விரும்புகிறார் என்பதோடு எதற்கு அஞ்சுகிறார் என்பதையுங் கேட்டறிதல் வேண்டும்.