படகுக்கு இரண்டாவது பம்பு

பேராக் ஆறு கடலில் கலக்கும் பாகான் டத்தோ, சிலாங்கூரின் கேரித் தீவு போன்ற பகுதிகளில் தோட்டங்களை அடுத்தே ஆறும் கடலும் இருக்கின்றன. வேலை முடிந்ததும் சிறு படகில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்காக, படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பம்பைப் பற்றி இன்று பேசுவோம்.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். படகின் திறந்த பரப்பு 10 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரவில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதில் விழும் நீர் 1,000 லிட்டர். எடை ஒரு டன். கட்டிப்போட்ட படகு காலையில் மூழ்கிக் கிடக்க இதுவே போதும்.

பம்புதான் இருக்கிறதே என்று கேட்கலாம். அதன் மிதவை சுவிட்சில் ஒரு பிளாஸ்டிக் பை சிக்கினாலும், உப்புநீர் ஒரு வயரை அரித்தாலும் பம்பு நின்றுவிடும். அதனால்தான் இரண்டாவது பம்பு வேண்டும். ஆனால் இரண்டையும் ஒரே பியூசில் இணைத்தால், பியூஸ் எரிந்ததும் இரண்டும் நின்றுபோகும். ஆகவே தனி வயர், தனி பியூஸ், தனி மிதவை, தனிக் குழாய் என்பதே நமது விதி.

இனி இணைக்கும் முறையைப் பார்ப்போம். வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும். பாசிட்டிவ் முனையிலிருந்து வரும் வயர் முதலில் பியூசுக்கும், பிறகு மிதவை சுவிட்சுக்கும், அதன்பின் பம்புக்கும் போக வேண்டும். பம்பின் மற்றொரு வயர் நெகட்டிவ் முனைக்கு வரும். கரைக்கு வந்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிடுகிறோம் அல்லவா? இந்தப் பம்பை அந்தச் சுவிட்சுக்குப் பின்னால் இணைத்தால் இதுவும் அணைந்துவிடும். எனவே நேராகப் பேட்டரியில் இணைக்க வேண்டும்.

பியூஸ் பேட்டரியிலிருந்து 7 அங்குலத்திற்குள் இருக்கட்டும். பேட்டரிக்கும் பியூசுக்கும் இடையில் வயர் உராய்ந்து ஷார்ட் ஆனால் தடுக்க எதுவும் இல்லை, தீப்பிடிக்கும். பம்பில் குறித்துள்ள ஆம்பியர் அளவுப் பியூசையே போட வேண்டும். கம்பியைச் சுற்றி வைப்பது ஆபத்து.

இரண்டாவது மிதவையை முதலாவதைவிட மூன்று அங்குலம் உயரத்தில் பொருத்துவோம். பம்போடு ஒரு மணியையும் இணைத்தால், அது ஒலிக்கும்போது முதல் பம்பு நீரைச் சமாளிக்கவில்லை என்பது தெரிந்துவிடும். வெள்ளீயம் பூசிய செம்பு வயரே உப்புநீரைத் தாங்கும். இணைப்புகளை நீர்மட்டத்திற்கு மேலே வைத்து, ஈரம் புகாதபடி மூட வேண்டும். முறுக்கி டேப் சுற்றினால் போதாது.

பேட்டரிக்கும் எல்லை உண்டு. 3 ஆம்பியர் இழுக்கும் பம்பு, 60 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் கணக்குப்படி 20 மணி நேரம் ஓடும். பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி விரைவில் கெட்டுவிடும் என்பதால், 10 மணி நேரம் என்றே கொள்வோம்.

மாதம் ஒருமுறை வாளியில் நீர் ஊற்றிப் பம்பைச் சோதிப்போம். நீர்மட்டத்திற்கு ஓரடி கீழே ஓரங்குல ஓட்டை விழுந்தால் நிமிடத்திற்கு 40 லிட்டருக்கு மேல் நீர் புகும். சிறிய பம்பால் அதை வெல்ல முடியாது. பம்பு நமக்கு நேரம் தருகிறது, அவ்வளவே. ஓட்டையை அடைக்க மரக்கட்டையும், இறைக்க வாளியும், ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டையும் படகில் எப்போதும் இருக்கட்டும். வீட்டில் காத்திருப்பவர்களை நினைத்துச் செய்ய வேண்டிய வேலை இது.