முதியோருக்கு வி.ஆர். விளையாட்டு: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

(நம் அறக்கட்டளையின் முதியோர் நலக் கூட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது, தலையில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். கருவியைக் கொண்டு வருகிறார்கள். பேரப்பிள்ளைகள் அதை மாட்டிக்கொண்டு வெறும் காற்றில் மட்டையை வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். "இது வாப்பா, உம்மாவுக்கும் உடற்பயிற்சியாகுமாமே, நம் முதியோர் அறைக்கு ஒன்று வாங்கலாமா?" என்று அறக்கட்டளையில் கேட்டார்கள். உதவும் என்பதுதான் என் பதில். ஆனால் யாருக்கு, எந்த வகை என்று பார்த்துச் செய்ய வேண்டும்.

பெரியவர்களின் உடல்நலம் என்றால் நாம் சர்க்கரையையும் பிரஷரையும் பார்க்கிறோம். விழுவதைப் பற்றி யோசிப்பதில்லை. உலகில் விபத்துக் காயங்களால் நேரும் மரணங்களில், சாலை விபத்துக்கு அடுத்த இடம் கீழே விழுவதற்குத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உயிர் தப்பினாலும் பயம் விடுவதில்லை. குளியலறையில் ஒருமுறை வழுக்கியவர் பள்ளிவாசலுக்கு வருவதைக் குறைக்கிறார். பிறகு திண்ணைக்கு வருவதையும் குறைக்கிறார். நடக்காததால் கால் வலுவிழக்கிறது. வலுவிழந்த கால் மறுபடியும் தடுமாறுகிறது. பேச ஆளில்லாமல் மனமும் சோர்ந்துவிடுகிறது.

இதற்கு மருந்து அசைவுதான். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல். ஆனால் "காலைத் தூக்குங்கள், இறக்குங்கள்" என்று சொல்லி அனுப்பினால் பலர் ஒரு வாரம் செய்வார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். விளையாட்டென்றால் "இன்னும் ஒரு ஆட்டம்" என்று அவர்களே கேட்பார்கள். விளையாட்டு வயதுக்கு இழுக்கல்ல. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி நமக்கெல்லாம் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. நடப்பது கால் மட்டும் செய்யும் வேலையல்ல, மூளையின் வேலையும்கூட. நடந்துகொண்டே பேசும்போது, பதில் சொல்வதற்காக நின்றுவிடும் முதியவர்கள் பின்னாளில் அதிகம் விழுகிறார்கள் என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1997இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். நடப்பது, யோசிப்பது இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய அவர்களுக்குக் கடினமாகிவிட்டது என்பதே அதன் பொருள். ஃபஜ்ருக்கு வரும் பெரியவர் பள்ளம் பார்க்க வேண்டும், எதிரே வரும் பைக்கைப் பார்க்க வேண்டும், ஸலாமுக்குப் பதிலும் சொல்ல வேண்டும் அல்லவா?

இந்த இரட்டைத் திறனைத்தான் விளையாட்டு பழக்குகிறது. 2016இல் அதே 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஐந்து நாடுகளில், 60 முதல் 90 வயது வரையான, அடிக்கடி விழும் சுமார் 300 பேர் அதில் கலந்துகொண்டார்கள். எல்லோரும் ஆறு வாரம், வாரம் மூன்று முறை டிரெட்மில்லில் நடந்தார்கள். அவர்களில் ஒரு பாதிக்கு மட்டும் எதிரே பெரிய திரை இருந்தது. அவர்களுடைய கால்கள் அந்தத் திரையில் தெரியும். குறுக்கே வரும் தடைகளைத் தாண்ட வேண்டும், வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்த ஆறு மாதத்தில், திரையோடு நடந்தவர்கள் விழுந்த வீதம் மற்றவர்களைவிடச் சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆய்வில் யாரும் கண்ணை மூடும் கருவியை மாட்டவில்லை. தலைக்கருவியை மாட்டினால் தன் காலும் தரையும் தெரியாது. தடுமாறும் ஒருவரை அப்படி நிற்க வைப்பது ஆபத்து. ஆகவே என் யோசனை இதுதான். ஏற்கெனவே விழுந்தவர்களுக்கும் கைத்தடி பிடிப்பவர்களுக்கும் டிவியில் கேமரா பொருத்தி விளையாடும் வகை போதும். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். தலைக்கருவி வேண்டுமென்றால், சக்கரமில்லாத, கைப்பிடியுள்ள நாற்காலியில் உட்கார்ந்து விளையாடட்டும். மீன்பிடிப்பதைப் போன்ற விளையாட்டுகளை உட்கார்ந்தபடியே ஆடலாம். கைக்கும் தோளுக்கும் நல்ல பயிற்சி.

இன்னும் சில எச்சரிக்கைகள். கருவியின் எடை அரை கிலோ அளவுக்கு வரும். கழுத்துத் தேய்மானம் உள்ளவர்கள் தவிர்க்கட்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். தலைசுற்றலோ குமட்டலோ வந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் விளையாட வேண்டாம். நோன்புக் காலத்தில் இதை இஃப்தாருக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இசை வருமே என்று சிலர் கேட்டார்கள். ஒலியை அணைத்துவிட்டும் பல விளையாட்டுகளை ஆடலாம். பெண்களுக்குத் தனி நேரமும், உதவிக்கு ஒரு சகோதரியும் கட்டாயம் வேண்டும். வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராத நம் தாய்மார்களுக்குத்தான் இந்தப் பயிற்சியும் நாலு பேர் துணையும் கூடுதலாகத் தேவை. செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜகாத் பெற உரியவர்கள் எட்டு வகையினர் என்று குர்ஆன் வரையறுத்திருக்கிறது. அந்தப் பணத்தை இதில் சேர்க்காமல், இதற்கென்றே தருபவர்களின் ஸதகாவில் வாங்குங்கள். ஆலிம்களையும் கலந்துகொள்ளுங்கள்.

அதற்கும் முன்பாக, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வையுங்கள். ஒற்றைக் காலில் நின்று உளூச் செய்யும் பெரியவருக்கு உட்கார இடம் கொடுங்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை யாரும் குறையாக நினைக்க வேண்டாம். ஆனால் தொழுகை முடிந்த பிறகு, அந்த நாற்காலியிலிருந்தே கை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்காரப் பழகுங்கள். முடியாவிட்டால் கை ஊன்றித் தொடங்குங்கள். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை. கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டு உங்கள் அறைக்குப் போய்விடாதீர்கள். வாப்பா விளையாடும்போது பக்கத்தில் நின்று "இன்னும் ஒன்று, பிடியுங்கள்!" என்று சொல்லுங்கள். அவருடைய மனத்துக்கு மருந்து அந்தக் குரல்தான்.

நம் பெரியவர்கள் கடைசிவரை தங்கள் காலாலேயே நடக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.